எலுமிச்சைச் சாற்றில் நீல ஒளி: கார்பன் புள்ளியா, வெறும் மூலக்கூறா?

கேள்வி:

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக 30 மி.லி. எலுமிச்சைச் சாற்றில் 1 கிராம் யூரியாவைக் கரைத்து, டெஃப்ளான் குடுவை வைத்த ஆட்டோகிளேவில் 180 டிகிரி செல்சியஸில் 6 மணி நேரம் சூடாக்கினேன். பழுப்புக் கரைசல் கிடைத்தது. சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். 365 நானோமீட்டர் யூ.வி. விளக்கில் காட்டினால் பளிச்சென்று நீலமாக ஒளிர்கிறது. கிளர்வு அலைநீளத்தை மாற்றினால் உமிழ்வும் நகர்கிறது.

பல உலோக அயனிகளைத் தனித்தனியே சேர்த்துப் பார்த்தேன். இரும்பு(III) மட்டும்தான் ஒளிர்வை நன்றாகக் குறைக்கிறது. இரும்பின் செறிவுக்கேற்ப ஒளிர்வு குறைவதைக் காட்டும் ஸ்டெர்ன்-வோல்மர் வரைபடம் நேர்கோடாக வந்தது. மாறிலி லிட்டர்/மோல் அலகில் 20,000. ஒளிர்வு ஆயுளை ஒரு பல்கலைக்கழகத்தில் அளந்து தந்தார்கள். இரும்பு சேர்க்காதபோது சுமார் 5 நானோநொடி. கண்டறியும் எல்லை 0.8 மைக்ரோமோலார் என்று கணக்கிட்டேன்.

என் கேள்விகள்: இதை நைட்ரஜன் ஏற்றிய கார்பன் குவாண்டம் புள்ளிகள் என்று கட்டுரையாக எழுதி அனுப்பலாமா? டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுக்காமல் எழுதினால் ஏற்பார்களா? எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் செம்பழுப்பாகப் படிகிறது. இந்தக் கரைசலைத் தாளில் தோய்த்து, இரும்பு காட்டும் பட்டையாக ஊரில் கொடுக்க ஆசை. முடியுமா? இதே முறையில் பாதரசத்தையும் கண்டுபிடிக்கலாமா?

பதில்:

வேலையைப் பொறுப்பாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் கட்டுரையை இப்போது அனுப்ப வேண்டாம். உங்கள் கையில் இருப்பது ஒளிரும் கரைசல். அந்த ஒளி கார்பன் புள்ளிகளிலிருந்து வருகிறது என்பதற்கு இன்னும் சான்று இல்லை. இரும்பு அந்தப் புள்ளிகளோடு சேர்ந்துதான் ஒளியைத் தணிக்கிறது என்பதற்கும் சான்று போதாது. இரண்டையும் உங்கள் கல்லூரியிலேயே, பெரிய செலவில்லாமல் சோதித்துவிட முடியும். அதற்கு வழி சொல்வதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

கார்பன் புள்ளிகள் எப்படி அகப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வேலையில் எது விடுபட்டிருக்கிறது என்பது தானே புரியும். 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில், மின்வில்லில் உண்டான கார்பன் கரியிலிருந்து நானோகுழாய்களைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கரியை நைட்ரிக் அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்து, காரக் கரைசலில் பிரித்தெடுத்து, எலக்ட்ரோஃபோரசிஸ் முறையில் ஓடவிட்டார்கள். குழாய்களோடு சேராமல் வேகமாக ஓடிய ஒரு பகுதி ஒளிர்ந்தது. அதையும் அளவுவாரியாகப் பிரித்தபோது வெவ்வேறு நிறங்களில் ஒளிர்ந்தது. கலவையைப் பிரித்துப் பார்த்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்பே நடந்தது. 2006இல் அதே மாநிலத்தில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சுன் குழு, லேசரால் கார்பனைச் சிதறடித்துத் துகள்கள் செய்தது. அவை முதலில் ஒளிரவில்லை. அமிலத்தில் கொதிக்கவைத்து, மேற்பரப்பில் பாலிமர் ஒன்றைப் பிணைத்த பிறகே ஒளிர்ந்தன. 10 நானோமீட்டருக்கும் குறைவான இந்தத் துகள்களின் ஒளிர்வில் மேற்பரப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்று அன்றே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு வழி எளிதாகிக்கொண்டே போனது. 2007இல் மெழுகுவர்த்திக் கரியிலிருந்து செய்தார்கள். 2012இல் இந்திய ஆய்வாளர்கள் ஆரஞ்சுச் சாற்றை 120 டிகிரியில் சூடாக்கிச் செய்தார்கள். 2013இல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் பாய் யாங் குழு, சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் ஆட்டோகிளேவில் சூடாக்கி, சுமார் 80 சதவீதம் குவாண்டம் விளைச்சல் (உட்கவர்ந்த ஒளியில் திரும்ப உமிழும் பங்கு) கிடைத்ததாக எழுதியது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க மாணவர்கள் சிட்ரிக் அமிலத்தோடு ஏதாவதொரு அமீனைச் சேர்த்துச் சூடாக்கத் தொடங்கினார்கள். உங்கள் எலுமிச்சையும் யூரியாவும் அந்த வரிசையில்தான் வருகின்றன. எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 5 சதவீதம் சிட்ரிக் அமிலம். அமீனுக்குப் பதிலாக உங்களிடம் யூரியா.

அதே ஜிலின் குழு 2015இல் தன் பொருளைத் தானே பிரித்துப் பார்த்தது. சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டைஅமீனும் சேர்ந்து உருவான ஒரு சிறிய கரிம மூலக்கூறு, இமிடசோபிரிடின் வகையைச் சேர்ந்தது, நீல ஒளிர்வில் பெரும்பங்கு கொடுப்பது தெரிந்தது. அந்தக் குழுவை நான் மதிக்கக் காரணம் 80 சதவீதம் அல்ல, இந்த இரண்டாவது கட்டுரைதான். 2018இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தின் கேரி பேக்கர் குழு, சரியாகச் சுத்தப்படுத்தாத கார்பன் புள்ளிகளில் காணப்படும் பண்புகள் பல, கூடவே கிடக்கும் மூலக்கூறுகளின் பண்புகளே என்று காட்டியது.

உங்கள் கலவையிலும் இதே ஆபத்து இருக்கிறது. சிட்ரிக் அமிலம் அம்மோனியா தரும் பொருளோடு சூடாகும்போது சிட்ராசினிக் அமிலம் என்ற பிரிடின் சேர்மமும் அதன் அமைடும் உருவாகும். 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட வேதிவினை இது. யூரியா சூட்டில் சிதைந்து அம்மோனியா தருகிறது. சிட்ராசினிக் அமிலம் 350 நானோமீட்டர் அருகே ஒளியை உட்கவர்ந்து, 440 அருகே நீலமாக ஒளிரும். உங்கள் விளக்கில் அழகாகத் தெரிவதும் அதே நீலம். உங்கள் ஒளி புள்ளியுடையதா, சிட்ராசினிக் அமிலத்துடையதா, இரண்டும் கலந்ததா என்பது இப்போது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

0.22 மைக்ரான் வடிகட்டி இதைப் பிரிக்காது. 0.22 மைக்ரான் என்றால் 220 நானோமீட்டர். புள்ளி, மூலக்கூறு, மீந்த யூரியா எல்லாம் அதில் தாராளமாகப் புகுந்துவிடும். வேண்டியது டயாலிசிஸ். சிட்ராசினிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 155. மூன்று நானோமீட்டர் விட்டமுள்ள கார்பன் உருண்டையின் எடையைக் கணக்கிட்டால் 10,000 டால்டனைத் தாண்டும். இடையில் அவ்வளவு தூரம் இருப்பதால், 1,000 டால்டன் வரம்புள்ள டயாலிசிஸ் பை இரண்டையும் நன்றாகப் பிரிக்கும். 10 மி.லி. கரைசலைப் பையில் கட்டி, 1 லிட்டர் வாலைவடிநீரில் தொங்கவிட்டுக் காந்தக் கலக்கியில் மெல்லக் கலக்குங்கள். முதல் நாள் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். இரண்டு நாளாவது ஓடட்டும். வெளிநீர் ஒளிர்வது நின்ற பிறகும் ஒருமுறை மாற்றுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, முதல் வெளிநீரை சிங்க்கில் கொட்டிவிடுவது. உங்கள் புராஜெக்ட்டின் மிக முக்கியமான மாதிரியே அதுதான். அதைப் பத்திரப்படுத்தி, ஆவியாக்கிச் சுருக்கி, உள்ளே இருப்பதற்கு அளந்த எல்லாவற்றையும் இதற்கும் அளந்து பாருங்கள்: உட்கவர் நிறமாலை, உமிழ்வு நிறமாலை, குவாண்டம் விளைச்சல். விளைச்சலை ஒப்பிட, 0.1 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் சல்பேட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் மதிப்பு 0.54. கிளர்வு அலைநீளத்தில் எல்லாக் கரைசல்களின் உட்கவர்தலும் 0.1க்குக் கீழே இருக்க வேண்டும். பளிச்சிடும் பங்கு வெளியே போய், பையின் உள்ளே பழுப்பாக மங்கலாக ஒன்று மிஞ்சினால் வருத்தப்படாதீர்கள். கார்பன் புள்ளி இருந்தால் அந்த மங்கலான பழுப்பில்தான் இருக்கும். பலருடைய ஆய்வில் அப்படித்தான் முடிகிறது.

கூடவே மூன்று ஒப்பீட்டு மாதிரிகள் கட்டாயம்: சூடாக்காத எலுமிச்சைச் சாறும் யூரியாவும் கலந்தது, யூரியா இல்லாமல் சூடாக்கிய சாறு, தூய சிட்ரிக் அமிலமும் யூரியாவும் அதே சூட்டில். மூன்றாவது மாதிரி உங்களுடையதைப் போலவே ஒளிர்ந்தால், எலுமிச்சைக்கு இதில் தனிச்சிறப்பு ஏதுமில்லை என்று பொருள். ‘இயற்கைப் பொருளிலிருந்து பசுமை முறை’ என்ற அடைமொழியை அப்போது விட்டுவிட வேண்டும். தூய சிட்ரிக் அமிலம் மலிவு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். பழத்துக்குப் பழம் மாறும் சாற்றைவிட ஆய்வுக்கு அதுவே மேல்.

கிளர்வை மாற்றினால் உமிழ்வு நகர்கிறது என்கிறீர்கள். கார்பன் புள்ளிகளில் அது உண்மையாகவே காணப்படும் இயல்பு. ஆனால் தண்ணீர் வைக்கும் பொறி ஒன்று இருக்கிறது. தண்ணீரின் ராமன் சிதறல் சுமார் 3,400 அலைஎண் தள்ளி ஒரு சிறு முகட்டைக் காட்டும். 350 நானோமீட்டரில் கிளர்வித்தால் 397இல் வரும். 370இல் கிளர்வித்தால் 423. 400இல் கிளர்வித்தால் 463. கரைசல் நீர்த்ததாக இருந்தால், இந்த முகடு கிளர்வோடு சேர்ந்து நகர்வதைப் பார்த்துப் புள்ளியின் உமிழ்வு நகர்கிறது என்று எழுதிவிட நேரும். வெறும் வாலைவடிநீரை அதே அமைப்பில் ஓட்டி, அந்த நிறமாலையைக் கழித்துப் பாருங்கள். கழித்த பின்பும் நகர்ந்தால் சரி. அப்போதும் உமிழ்வு நகர்வதை மட்டும் வைத்து அளவு சார்ந்த குவாண்டம் விளைவு என்று சொல்ல முடியாது. 2023இல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்த காட்மியம் செலினைடு போன்ற குறைக்கடத்திப் புள்ளிகளில் அளவு கூடினால் நிறம் சிவப்பை நோக்கி நகரும். அந்தத் தொடர்பு தெளிவானது. கார்பன் புள்ளிகளில் மேற்பரப்புத் தொகுதிகளும் உள்ளே சிக்கிய மூலக்கூறுகளும் சேர்ந்து நிறத்தைத் தீர்மானிப்பதால் அப்படி நேராகச் சொல்ல இயலாது.

டி.இ.எம். படம் இல்லாமல் அளவைப் பற்றி எதுவும் எழுத முடியாது. ஒளிச்சிதறலால் அளவைக் கணிக்கும் டி.எல்.எஸ். கருவி அதற்கு ஈடாகாது. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கேற்பக் கூடுவதால், 100 நானோமீட்டர் தூசு ஒன்று 5 நானோமீட்டர் புள்ளியைவிட 6.4 கோடி மடங்கு சிதறடிக்கும். கருவிக்குத் தூசுதான் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் ‘சைஃப்’ என்ற பொதுப் பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. வெளிக் கல்லூரி மாணவர்களும் கட்டணம் கட்டி அங்கே மாதிரி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் டயாலிசிஸ் முடிந்திருக்க வேண்டும். உப்பும் சிட்ரேட்டும் மீந்திருந்தால் அவை காயும்போது நானோபடிகங்களாகி, படத்தில் அழகான படிகக் கோடுகளைக் காட்டி உங்களை ஏமாற்றும். சாதாரண கார்பன் படலக் கிரிடின் மேல் கார்பன் புள்ளி எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மிக மெல்லிய கார்பன் படலம் உள்ள கிரிட் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

இனி இரும்பு. உங்கள் எண்களையே எடுத்துப் பார்ப்போம். ஸ்டெர்ன்-வோல்மர் மாறிலி 20,000. ஆயுள் 5 நானோநொடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மோதல் வேக மாறிலி 4 லட்சம் கோடி வருகிறது. தண்ணீரில் இரண்டு பொருள்கள் விரவி வந்து மோதிக்கொள்ளும் வேகத்துக்கு உச்சவரம்பு சுமார் 1,000 கோடிதான். உங்கள் எண் அதைப் போல 400 மடங்கு. ஆக, இரும்பு வந்து மோதி ஒளியைத் தணிக்கிறது என்று எழுத முடியாது. இயற்பியல் இடம் கொடுக்காது. மீதி மூன்று சாத்தியம்: இரும்பு முன்கூட்டியே ஒளிரும் பொருளோடு பிணைந்து ஒளிராத அணைவு உண்டாக்கியிருக்கலாம், இரும்பே ஒளியைத் தின்றிருக்கலாம், அல்லது பி.எச். இறங்கியதால் ஒளி மங்கியிருக்கலாம்.

இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் பார்க்கத் தவறுகிறார்கள். நீரில் உள்ள இரும்பு(III) மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம், அது 300 நானோமீட்டர் அருகே வலுவாக உட்கவர்ந்து, அந்த உட்கவர்தலின் வால் 400 வரை நீள்வதுதான். நீங்கள் 350 அருகே கிளர்வித்தால் அது அதற்கு நடுவில் விழும். கிளர்வு ஒளி புள்ளியை எட்டும் முன்பே இரும்பு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு வெளியே விளக்கு மங்கிவிட்டது என்று சொல்வது போன்றது இதைத் தணிதல் என்று எழுதுவது. இரும்பு சேர்த்ததால் 350இல் உட்கவர்தல் 0.3 கூடினாலே போதும், க்யூவெட்டின் நடுவில் அளக்கும் ஒளி சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். இரும்பு புள்ளியைத் தொடக்கூட வேண்டியதில்லை. திருத்தம் எளிது. ஒவ்வொரு இரும்புச் செறிவுக்கும் கிளர்வு, உமிழ்வு இரண்டு அலைநீளங்களிலும் உட்கவர்தலை அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, பத்தின் அந்த அடுக்கால் ஒளிர்வு மதிப்பைப் பெருக்குங்கள். திருத்திய மதிப்பை வைத்து வரைபடத்தை மறுபடி போடுங்கள். கோடு படுத்துவிட்டால் தணிதல் என்று ஒன்றும் நடக்கவில்லை. நின்றால் மிச்சம் இருப்பது உண்மை.

பி.எச். பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெரிக் குளோரைடு தண்ணீரில் நீராற்பகுத்து அமிலம் விடும். 100 மைக்ரோமோலார் சேர்த்தாலே, பஃபர் இல்லாத கரைசல் பி.எச். 4க்குப் பக்கம் இறங்கிவிடும். கார்பாக்சில், பிரிடின் தொகுதிகள் உள்ள பொருளின் ஒளிர்வு பி.எச். மாறினால் மாறும். இரும்பு சேர்க்காமல், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மட்டும் அதே பி.எச்.சுக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். பஃபர் போடுவதானால் பாஸ்பேட் வேண்டாம். இரும்பைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும்.

இந்த இரண்டு சோதனையும் தாண்டி எஞ்சும் தணிதல் அணைவால் வந்ததா என்று அறிய, வெப்பநிலையை 25, 35, 45 டிகிரி என்று மாற்றிப் பாருங்கள். அணைவு என்றால் சூடு ஏற ஏற மாறிலி குறையும். இரும்பு சேர்த்த பிறகும் ஆயுள் 5 நானோநொடியாகவே இருக்கிறதா என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். ஆயுள் மாறாமல் ஒளி மட்டும் குறைந்தால் அணைவு அல்லது ஒளித்திரை. முன்பே திரையைக் கழித்துவிட்டதால் அணைவு என்று நம்பி எழுதலாம்.

கண்டறியும் எல்லை 0.8 மைக்ரோமோலார் என்றால், உங்கள் மாறிலிப்படி அந்த இடத்தில் ஒளி 1.6 சதவீதம்தான் குறையும். இது சரியாக வேண்டுமானால், பிளாங்க் கரைசலைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் விலக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரி ஃப்ளோரிமீட்டரின் விளக்கே அதைவிட அதிகம் ஆடலாம். பிளாங்க்கைப் பத்து முறைக்குக் குறையாமல், க்யூவெட்டை எடுத்துக் கழுவி மறுபடி வைத்து அளந்தீர்களா? இல்லை என்றால் அந்த 0.8ஐ இப்போதைக்கு அடித்துவிடுங்கள்.

ஊர்க் கிணற்றுக்கு வருகிறேன். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு அங்கே இரும்பு(II) ஆகக் கரைந்திருக்கும். அதனால்தான் பிடிக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது. குடத்தில் காற்றுப் பட்டதும் இரும்பு(III) ஆகி, ஹைட்ராக்சைடாக வீழ்ந்து செம்பழுப்பாகப் படிகிறது. நடுநிலையான பி.எச்.சில் கரைந்த இரும்பு(III) கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. உங்கள் கரைசல் தேடுவது கரைந்த இரும்பு(III)ஐ. அது கிணற்றிலும் இல்லை, குடத்திலும் இல்லை. தண்ணீரைப் பிடித்த உடனே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்கி, எல்லா இரும்பையும் மூன்றாம் நிலைக்கு ஆக்சிஜனேற்றிய பிறகே உங்கள் முறையில் அளக்க முடியும். அந்த அமிலத்தில் உங்கள் புள்ளி ஒளிருமா என்பது அடுத்த கேள்வி. இயற்கை நீரில் உள்ள ஹியூமிக் பொருள்களும் இதே கிளர்வில் நீலமாக ஒளிரும். அதையும் கழிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் இரும்பை நீங்களே சேர்த்து, சேர்த்ததைத் திரும்ப எடுத்துக் காட்டி, ‘உண்மையான மாதிரியில் சோதித்தோம்’ என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அது கிணற்றை அளந்ததாகாது.

தாள் பட்டை வேலை செய்யாது. லிட்டருக்கு 0.3 மி.கி. இரும்பு இருந்தாலே துணியில் கறை படியும், சுவை மாறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது 5.4 மைக்ரோமோலார். உங்கள் மாறிலிப்படி அங்கே ஒளிர்வு 10 சதவீதம் குறையும். யூ.வி. விளக்கின் கீழ் இரண்டு தாள்களுக்கிடையே 10 சதவீத வித்தியாசத்தைக் கண்ணால் நம்பகமாகப் பிரித்தறிய முடியாது. இரும்புக்கு நெடுங்காலமாக நம்பகமான முறை இருக்கிறது: ஹைட்ராக்சிலமீனால் இரும்பை இரண்டாம் நிலைக்கு ஒடுக்கி, அசிடேட் பஃபரில் 1,10-பினாந்த்ரோலின் சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு வரும், 510 நானோமீட்டரில் அளக்கலாம். உங்கள் கல்லூரியின் சாதாரண நிறமானியே போதும். ஊருக்கு உதவ நினைக்கும் உங்கள் மனது பெரியது. அதற்கு இந்த முறையே சிறந்தது. இந்த வாரமே செய்யலாம்.

பாதரசத்துக்கு இந்தப் பாதை அறவே ஒத்துவராது. குடிநீரில் பாதரசத்துக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.001 மி.கி.; சுமார் 5 நானோமோலார். 20,000 என்ற மாறிலியை வைத்துப் பார்த்தால் அங்கே ஒளிர்வு 0.01 சதவீதம் மாறும். எந்தக் கருவிக்கும் அது தெரியாது. வேறு பொருள்களுக்கு இன்னொரு வழியும் யோசிக்கலாம்: ஒளி குறைவதைத் தேடாமல் ஒளி பிறப்பதைத் தேடுவது. இருட்டான பின்னணியில் சிறு ஒளியைக் காண்பது, பிரகாசத்தில் சிறு குறைவைக் காண்பதைவிட எளிது. 2011இல் யூரோப்பியம் அயனியால் தணித்துவைத்த கார்பன் புள்ளிகளில் பாஸ்பேட்டைச் சேர்த்து, பாஸ்பேட் யூரோப்பியத்தை இழுத்துக்கொள்ள, ஒளி மீண்டும் வருவதைக் காட்டினார்கள். இந்த வகையில் வேதியியல் நம் பக்கம் நிற்கிறது: ஒளியைத் தணிக்கும் பொருள் எதுவானாலும் இதைச் செய்யாது, யூரோப்பியத்தை வலுவாகப் பிடிக்கும் பொருளே செய்யும்.

அதை வைத்து ஒரு யோசனை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு பெரிய தொல்லை. அனுமதி வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி.; கணக்கிட்டால் 79 மைக்ரோமோலார். கார்பன் புள்ளிகள் இயல்பாக வேலை செய்யும் செறிவு அதுவே. சிர்கோனியம் அயனி புள்ளியின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடித்துத் தணிக்கும். ஃப்ளூரைடு அந்தச் சிர்கோனியத்தை இன்னும் வலுவாகப் பிடித்து இழுக்கும். புதிய தத்துவம் இல்லை. தண்ணீர்ச் சோதனையில் நெடுங்காலமாகப் பயன்படும் ‘ஸ்பாட்ன்ஸ்’ முறையிலும் சாயத்தோடு பிணைந்த சிர்கோனியத்தை ஃப்ளூரைடு பிடுங்குவதால்தான் நிறம் வெளுக்கிறது. அதனால் உங்கள் அளவீட்டை ஒப்பிட நம்பகமான பழைய முறையும் கைவசம் உண்டு. அலுமினியமும் பாஸ்பேட்டும் குறுக்கிடும். அவற்றை ஃப்ளூரைடோடு சேர்த்தே கலந்து சோதியுங்கள். தனித்தனியாகச் சேர்த்து ‘இது மட்டும்தான் தணிக்கிறது’ என்று காட்டுவது தேர்ந்தறிதல் ஆகாது. கிணற்றில் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 180 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் மட்டுமே 10 பார். அதன் மேல் யூரியா சிதைந்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்கின்றன. குடுவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். டெஃப்ளான் குடுவையை 220 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரில் முக்கிக் குளிரவைக்காமல், இரவு முழுக்க அடுப்பிலேயே ஆறவிட்டுப் ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்துத் திறவுங்கள். கூடி நின்று யூ.வி. விளக்கில் பார்ப்பவர்கள் எல்லோரும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். விளக்கைப் பிடிப்பவர் மட்டும் போட்டால் போதாது.

உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதை அப்படியே காட்டுங்கள். முதல் வேலை டயாலிசிஸ். இரும்பை அதன் பிறகு தொடுங்கள். ஒளி வெளிநீரில் போய்விட்டது என்று தெரிந்தால், அதையே எழுதினாலும் அது நேர்மையான முதுகலை ஆய்வுதான். மற்ற மாணவர்களுக்கும் பயன்படும். பையின் உள்ளே, வெளியே இரண்டின் நிறமாலையும் கிடைத்ததும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.